லோதியன் சாலையில் ஒரு தந்திக் கல்

போன ஞாயிறு தங்கமணிக்கு சரோஜினி நகரில் திரைச்சீலை வாங்கவேண்டி இருந்தது. மே மாத தில்லி வெயிலில், அந்தக் கூட்டத்தில், பின்னால் பை தூக்கிக்கொண்டு நான் நடப்பது எனக்கும் நல்லதில்லை, கடைக்காரருக்கும் நல்லதில்லை. "நீங்க வேணா உங்க கல்லைப் போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று உத்தரவு கிடைத்தது. அடுத்த பத்தாவது நிமிடம் ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் மெட்ரோ ஏறிவிட்டேன்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் இன்றைக்கு. பல நாளாக எழுதவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் பேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. கிட்வாய் நகர் என்றால் தில்லித் தமிழர்களுக்கு உடனே நினைவு வருவது அரசாங்க குவார்ட்டர்ஸ். (எங்கள் வீடும் தங்கமணியின் மத்திய அரசு வேலையில் கிடைத்ததுதான். வங்கிக்காரன் நான், இந்த வீட்டில் விருந்தாளி மாதிரி.) கிழக்கு கிட்வாய் நகரின் பழைய இரண்டு மாடி வீடுகளையும் வேப்ப மரங்களையும் எடுத்துவிட்டு இப்போது வானத்தை முட்டும் கட்டடங்கள் வந்துவிட்டன. ஊருக்குப் பெயர் கொடுத்த ரஃபி அகமது கிட்வாய் யார் என்று பேட்டையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஃப்ரீடம் ஃபைட்டர்" என்பார்கள். தப்பில்லை. ஆனால் அவர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். தபால், தந்தி, டெலிபோன் எல்லாம் அவர் கையில் இருந்தது. இரவில் விமானத்தில் தபால் போக ஆரம்பித்தது அவர் காலத்தில். முன்பணம் கட்டினால் சொந்தமாக டெலிபோன் வைத்துக்கொள்ளலாம் என்ற திட்டமும் அவருடையதுதான். 1954-ல் காலமானார்.

பக்கத்துப் பேட்டை லக்ஷ்மிபாய் நகர். நம் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் டி.டி.இ.ஏ. பள்ளி ஒன்று அங்கேதான் இருக்கிறது. லக்ஷ்மிபாய் என்றால் ஜான்சி ராணி, 1857. ஆக, தந்தி மந்திரி ஒரு பக்கம், சிப்பாய்ப் புரட்சி ஒரு பக்கம். நடுவில் ஒரு சாலைதான் இடைவெளி. நான் பார்க்கப் போன கல்லில் இந்த இரண்டும் சேர்ந்து நிற்கின்றன.

காஷ்மீரி கேட் ஸ்டேஷனில் இறங்கி லோதியன் சாலையில் செங்கோட்டைப் பக்கமாக நடந்தால், செயின்ட் ஜேம்ஸ் சர்ச்சைத் தாண்டி, பழைய பெரிய தபால் ஆபீசுக்கு அருகில், சாலைக்கு நடுவே இரண்டு இடிந்த செங்கல் வாசல்கள் நிற்கும். கம்பெனிக்காரர்களின் ஆயுதக் கிடங்கின் மிச்சம். அதன் பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் கூம்பாக ஒரு கருங்கல் தூண். இரண்டு பக்கமும் பஸ்ஸும் ஆட்டோவும் பறந்துகொண்டிருக்கும். அந்தத் தூணை நின்று படிப்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. 1902 ஏப்ரல் 19-ல் தந்தி இலாகாக்காரர்கள் தங்கள் சகாக்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம் அது.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுற்றிக்கொள்கிறேன்.

என் அப்பா கும்பகோணம் தந்தி ஆபீசில் டெலிகிராஃபிஸ்டாக இருந்தவர். 1972-ல் சேர்ந்தார். மெட்ராசில் மாதக்கணக்கில் மோர்ஸ் பயிற்சி. வீட்டில் சாப்பிடும்போதுகூட இடது கை விரல் தட்டின் விளிம்பில் எதையாவது அடித்துக்கொண்டிருக்கும். "கட்டு கடா கட்டு" என்று நாங்கள் கேலி செய்வோம். ஆபீசில் செய்தி வரும் கருவியின் சத்தம் மற்ற சத்தங்களுக்கு நடுவே தனியாகக் கேட்பதற்காக, அதன் பின்னால் ஒரு காலி சிகரெட் டின்னை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். அப்பா சிகரெட் பிடிக்காதவர். யாரோ ஒருவருடைய டின்னைக் கெஞ்சி வாங்கி வந்தேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

நம் ஊரில் தந்தி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தந்திச் சேவகன் சைக்கிள் வாசலில் நின்றால், பிரிப்பதற்கு முன்பே உள்ளே அழுகை ஆரம்பித்துவிடும். பிள்ளை பாஸாகியிருப்பான், பேரன் பிறந்திருப்பான். அது அப்புறம் தெரியும். முதலில் அழுகை. அந்த அழுகைக்கு அரை மணி முன்பே விஷயம் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். அது என் அப்பா. தெரிந்தாலும் சொல்லக்கூடாது. கடைத்தெருவில் எதிரே வருகிறவர் சிரித்துப் பேசினால் இவரும் சிரித்துப் பேசவேண்டும்.

2013-ல் தந்தி சேவையை நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்தபோது அப்பா எங்களோடு தில்லியில் இருந்தார். ஜூலை 14, கடைசி நாள். ஜன்பத்தில் ஈஸ்டர்ன் கோர்ட் தந்தி ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாண வீடு மாதிரி கூட்டம். காலேஜ் பசங்கள் தங்களுக்குத் தாங்களே தந்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பொறுமையாக வரிசையில் நின்று, கும்பகோணத்தில் இருந்த அம்மாவுக்கு ஒரு தந்தி கொடுத்தார். வார்த்தைகளை இரண்டு முறை எண்ணினார். பழக்கதோஷம். மறுநாள்தான் அவரை இந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்.

சரி, கல்லில் என்ன இருக்கிறது?

1857-ல் டெலிபோன் கிடையாது. அது வர இன்னும் 19 வருடம் ஆகும். தந்தியே இந்தியாவுக்குப் புதுசு. அதைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஓஷாக்னசி என்ற கம்பெனி டாக்டர். ஆமாம், டாக்டர்தான். காலராவில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ரத்தத்தில் திருப்பிச் செலுத்தவேண்டும் என்று 1831-32 வாக்கிலேயே எழுதியவர். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டில் தொங்குகிறதே, அதற்கு மூலம் அங்கே இருக்கிறது. கல்கத்தாவில் வைத்தியக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே 1839-ல் கம்பி கட்டிச் சோதனை செய்தார். டல்ஹௌசி பிரபு வந்த பிறகு வேகம் பிடித்தது. 1853 நவம்பரில் வேலை தொடங்கி 1854 மார்ச்சில் கல்கத்தாவிலிருந்து ஆக்ராவுக்கு 800 மைல் கம்பி போய்விட்டது. 1855-ல் பம்பாய், மெட்ராஸ் எல்லாம் சேர்ந்து பொதுஜனத்துக்கும் திறந்துவிட்டார்கள்.

அந்த வலையில் தில்லி ஒரு சின்ன முடிச்சு. ஆபீஸ் கோட்டைச் சுவருக்கு உள்ளேகூட இல்லை. காஷ்மீரி கேட்டுக்கு வெளியே, ராணுவ லைன்களுக்குப் போகும் வழியில் ஒரு பங்களா. (கல் நிற்கிற இடம் வேறு, ஆபீஸ் இருந்த இடம் வேறு. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.) பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் டாட். அவருக்குக் கீழே வில்லியம் பிரெண்டிஷ், ஜே. டபிள்யூ. பில்கிங்டன் என்று இரண்டு இளம் சிக்னலர்கள். டாட்டின் மனைவியும் கைக்குழந்தையும் அதே பங்களாவில். யமுனைக்கு அந்தப் பக்கம் மீரட், வடக்கே அம்பாலா. ஆற்றைக் கடக்க நீருக்கடியில் ஒரு கேபிள். அக்கரையில் கேபிளுக்கென்று ஒரு சின்ன வீடு. அவ்வளவுதான் சாம்ராஜ்யத்தின் தகவல் தொடர்பு.

1857 மே 9-ம் தேதி மீரட்டில், தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரை வீரர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிறு. தில்லி தந்தி ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை பகலில் சில மணி நேரம் ஓய்வு. மாலை திரும்பத் திறந்தால் மீரட் பேசவில்லை. பையன்கள் இரண்டு பேரும் ஆற்றைக் கடந்து கேபிள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கிருந்து தில்லி ஆபீசோடு பேச முடிந்தது, மீரட்டோடு முடியவில்லை. அப்படியென்றால் பழுது அந்தப் பக்கம். இருட்டிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். மீரட் கம்பி அறுபடுவதற்கு முன் அங்கிருந்து ஆக்ராவுக்கு ஒரு செய்தி போய்விட்டது. எந்த அதிகாரியும் அனுப்பியதல்ல. போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பெண் ஒருவர் ஆக்ராவில் இருந்த தன் அத்தைக்குக் கொடுத்த தந்தி. குதிரைப்படை கிளம்பிவிட்டது, வீடுகளைக் கொளுத்துகிறார்கள், நாளைக்கு இங்கே புறப்பட்டு வராதீர்கள் என்று. பெரும் புரட்சியின் முதல் செய்தி குடும்பத் தந்தியாகத்தான் வெளியே வந்தது.

மே 11, திங்கள் காலை. டாட் வண்டி கட்டிக்கொண்டு லைனைச் சரிபார்க்க ஆற்றைக் கடந்து போனார். அதே நேரத்தில் மீரட்டிலிருந்து இரவெல்லாம் வந்த குதிரை வீரர்கள் படகுப் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். டாட் திரும்பவில்லை. அக்கரையில் கேபிள் வீட்டுக்கு அருகிலேயே கொல்லப்பட்டார் என்று கல் சொல்கிறது.

நகரத்துக்குள் துப்பாக்கிச் சத்தம், புகை. ஆபீசில் இரண்டு பையன்கள், ஒரு பெண்மணி, ஒரு குழந்தை. நம் அப்பாக்கள் கேட்ட 'டக் டக்' கருவி அப்போது தில்லியில் இல்லை. ஓஷாக்னசி தானே செய்த ஊசிக் கருவி. கம்பியில் மின்சாரம் வந்தால் ஊசி இடமும் வலமும் துடிக்கும், அதைக் கண்ணால் பார்த்து எழுத்தாக்க வேண்டும். அம்பாலாவின் ஊசிக்கு அவர்கள் அனுப்பியதன் சாரம் இவ்வளவுதான்: ஆபீசை விட்டுப் போகிறோம். மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் பங்களாக்களைக் கொளுத்துகிறார்கள். காலையில் போன டாட் இன்னும் வரவில்லை, இறந்துவிட்டார் என்று நினைக்கிறோம். ஒன்பது ஐரோப்பியர்கள் இறந்ததாகக் கேள்வி. வருகிறோம்.

பிறகு டாட்டின் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூடியிருந்த ஃபிளாக்ஸ்டாஃப் கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். (இன்றும் தில்லிப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. காலை நடைக்காரர்களும் குரங்குகளும் சரிபாதி.) அங்கிருந்து பில்கிங்டன் மட்டும் திரும்பவும் அந்தக் காலி ஆபீசுக்கு வந்து, தலைமைத் தளபதிக்கான முழு அறிக்கையை அனுப்பிவிட்டுப் போனார். தன்னிச்சையாகத் திரும்பினார் என்று கல்லில் குறிப்பாக வெட்டியிருக்கிறார்கள். பிறகு பிடிபட்டுத் தப்பித்தார். 1867-ல் ரூர்க்கியில் இறந்தார். பிரெண்டிஷ் 1896 வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

ஒரு வங்கிக்காரனாக எனக்கு இந்த இரண்டு தந்திகளின் வித்தியாசம்தான் முக்கியமாகப் படுகிறது. நான் வங்கியில் சேர்ந்த காலத்திலேயே தந்தி மூலம் பணம் அனுப்புவது முடியும் தறுவாயில் இருந்தது. ஆனால் பழைய ஆட்கள் கதை கதையாய்ச் சொல்வார்கள். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று தந்தி வந்தால் உடனே கொடுத்துவிட முடியாது. தொகை, தேதி, கிளை இவற்றை வைத்து ரகசியப் பட்டியலில் பார்த்துக் கணக்கிட்ட ஒரு டெஸ்ட் நம்பர் அதில் இருக்கவேண்டும். இங்கே கணக்குப் போட்டுப் பார்த்து ஒத்துப்போனால்தான் பணம். மேனேஜரே தெரிந்தவர்தான், கையெழுத்தும் அவர் பாஷையும் தெரியும் என்பதெல்லாம் செல்லாது. அந்தக் கணக்கில் பார்த்தால், பையன்களின் முதல் செய்திக்கு டெஸ்ட் நம்பரே கிடையாது. உத்தரவு இல்லாமல், அதிகாரி கையெழுத்து இல்லாமல், ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டருக்குச் சொன்ன சேதி. பில்கிங்டன் திரும்பிப் போய் அனுப்பியதுதான் முறையான செய்தி. ஆனால் முதலில் எச்சரித்தது அந்த முறையில்லாத செய்திதான்.

(வங்கி என்றதும் இன்னொன்று. அதே மே 11-ல் சாந்தினி சௌக்கில் தில்லி பேங்க் மேனேஜர் பெரஸ்ஃபோர்டும் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். பேங்க் இருந்தது பேகம் சம்ருவின் மாளிகையில். இப்போது அது பாகீரத் பேலஸ், ஒயரும் சுவிட்சும் மொத்த விலைக்கு விற்கும் மார்க்கெட். வீட்டுக்கு ஃபேன் வாங்கப் போனபோது எதேச்சையாக நிமிர்ந்து பார்த்து, இதுதான் அந்தக் கட்டடம் என்று உறைத்தபோது கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஆயிரம்தான் இருந்தாலும் அவரும் ஒரு பிராஞ்ச் மேனேஜர்.)

அம்பாலாவிலிருந்து செய்தி எங்கெல்லாம் போனது? தலைமைத் தளபதி ஜெனரல் ஆன்சன் சிம்லாவில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். அங்கே கம்பி கிடையாது. குதிரையில் ஆள் கொண்டுபோய்க் கொடுத்தார். லாகூருக்குக் கம்பி இருந்தது. பஞ்சாபின் தலைமைக் கமிஷனர் ஜான் லாரன்ஸ் ராவல்பிண்டியில் இருந்ததால், லாகூரில் முடிவெடுத்தவர் ராபர்ட் மான்ட்கோமரி. (இரண்டாம் உலகப் போரில் ரோமலை ஓட்டிய மான்ட்கோமரியின் தாத்தா.) மே 12-ல் செய்தி கிடைத்தது. அன்று இரவு மியான்மீர் ராணுவ லைனில் ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்த நடன விருந்தை நிறுத்தாமல் நடத்தினார்கள். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது அல்லவா. 13-ம் தேதி காலை வழக்கமான அணிவகுப்பு என்று சிப்பாய்களை வரச்சொல்லி, குண்டு நிரப்பிய பீரங்கிகளுக்கு எதிரே நிறுத்தி, ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார்கள். 16, 26, 49-வது காலாட்படைகள், 8-வது குதிரைப்படை. தில்லியில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எதிரே நின்றார்கள். வைத்துவிட்டார்கள்.

மின்சாரத் தந்திதான் இந்தியாவைக் காப்பாற்றியது என்று மான்ட்கோமரி சொன்னதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

2013-ல் அப்பா இந்த வரியைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யாரோட இந்தியாவை?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடமே ஒரு பதில் பஞ்சாபில் தரைக்கு அடியிலிருந்து வந்தது. மியான்மீரில் ஆயுதத்தைப் பறிகொடுத்த அந்த 26-வது படைக்காரர்கள் இரண்டரை மாதம் அப்படியே வைக்கப்பட்டிருந்தார்கள். ஜூலை 30-ல் அவர்களுடைய மேஜர் கொல்லப்பட்டார், படையே வெறுங்கையோடு ஓடியது. ராவி ஆற்றங்கரையில் பிடித்து, அமிர்தசரசுக்குப் பக்கத்தில் அஜ்னாலாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 1-ம் தேதி துணைக் கமிஷனர் ஃபிரெடரிக் கூப்பர் பத்துப் பத்துப் பேராக நிறுத்திச் சுடச் சொன்னார். 237 பேர். மீதி 45 பேர் அடைத்து வைத்திருந்த இடத்திலேயே மூச்சுத் திணறிச் செத்திருந்தார்கள். எல்லோரையும் ஒரு கிணற்றில் போட்டு மூடினார்கள். இதையெல்லாம் கூப்பரே பெருமையாகப் புத்தகம் எழுதிச் சொல்லிக்கொண்டார். 2014-ல் அந்த ஊர் மக்கள் கிணற்றைத் தோண்டினார்கள். மண்டை ஓடுகளும் எலும்புகளும் பழைய காசுகளும் வந்தன. 2022-ல் வெளியான மரபணு ஆய்வு, இவர்கள் பஞ்சாபிகள் அல்ல, கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் பல நூறு மைல் வந்த ஆட்கள். நம்மை மாதிரி.

தில்லி பங்களாவில் ஊசி துடித்ததற்கும் அந்தக் கிணற்றுக்கும் இடையே நேர்க்கோடு போட்டுவிட முடியாது. நடுவில் எத்தனையோ பேர், எத்தனையோ முடிவுகள். ஆனால் கல்லில் இருக்கிற கணக்கில் வரவுப் பக்கம் மட்டும் எழுதியிருக்கிறது. பற்றுப் பக்கம் அஜ்னாலாவில் கிடந்தது. வரவு செலவு படித்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

சிப்பாய்களும் கம்பியின் பலத்தைப் புரிந்துகொண்டார்கள். போன இடமெல்லாம் முதல் வேலையாக அதை அறுத்தார்கள். தூண்கள் விறகாயின, கம்பித் துண்டுகள் துப்பாக்கியில் ரவையாயின என்று ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தூக்குமேடைக்குப் போன சிப்பாய் ஒருவர் தந்திக் கம்பியைக் காட்டி, எங்கள் கழுத்தை இறுக்கியது இந்தக் கயிறுதான் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, விஷயம் சரி.

தூரத்துத் தந்தி நிலையம் ஒன்று போரைத் திருப்பிய கதை நமக்கு இன்னொன்றும் தெரியும், தெரிந்தது தெரியாமலேயே. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராசைக் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததே ஜெர்மன் கப்பல் எம்டன். இன்றைக்கும் கெட்டிக்கார ஆளை 'சரியான எம்டன்' என்கிறோம். அந்த எம்டன் எப்படி மாட்டியது? நவம்பர் 9-ல் இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுக் கூட்டத்தின் ஒரு துண்டுத் தீவில் இருந்த கேபிள் நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அங்கே இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ஆபரேட்டர்கள், கருவி உடைபடுவதற்கு முன் 'அன்னியக் கப்பல் வந்திருக்கிறது' என்று சேதி தட்டிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனை முடித்தது. தில்லி மாதிரியேதான். உடைக்க வருகிறவன் வந்து சேர்வதற்கும் கருவி உடைவதற்கும் நடுவில் இருக்கிற சில நிமிடங்கள்.

மெட்ராசுக்கும் 1857 கம்பிக்கும் நேரடிச் சம்பந்தமே உண்டு. கல்கத்தாவிலிருந்து கானிங் பிரபு தந்தியில் கூப்பிட்டுத்தான் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படை கப்பலேறியது. அதன் தலைவர் கர்னல் நீல். காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் தொங்கவிட்ட ஆட்களுக்குக் கணக்கில்லை. அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927-ல் நம்மவர்கள் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது.

தில்லிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். தந்திக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆயுதக் கிடங்கு வாசலில், அதைத் தாங்களே வெடித்துத் தகர்த்த ஒன்பது கம்பெனிக்காரர்களைப் புகழ்ந்து பழைய பலகை ஒன்று உண்டு. அதை எடுக்கவில்லை. கீழே இன்னொரு பலகை வைத்து, மேலே கலகக்காரர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அன்னிய ஆட்சியைத் தூக்கி எறிய முயன்ற இந்தியர்கள் என்று எழுதிவிட்டார்கள். மேட்டின்மேல் இருக்கும் வெற்றித் தூணுக்கும் 1972-ல் இப்படியே செய்து, அஜித்கட் என்று பெயரையும் மாற்றினார்கள். எனக்குத் தில்லி வழிதான் பிடித்திருக்கிறது. மியூசியத்துக்குள் போனதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இங்கே இரண்டு தரப்பும் ஒரே சுவரில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கின்றன. படித்துவிட்டு நாமே முடிவு செய்துகொள்ளலாம். தங்கமணிக்கு நீல் சிலையை எடுத்ததுதான் சரி. "தினமும் அந்த வழியா ஆபீஸ் போறவங்களுக்கு இல்ல தெரியும்" என்கிறாள். அதையும் மறுக்க முடியவில்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். "யாரோட இந்தியாவை" என்று கேட்டவர், அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாப் பக்கமும் படித்தார். பாக்கெட் டைரியை எடுத்து மூன்று பேர் பெயரையும் குறித்துக்கொண்டார். பில்கிங்டன் தானே திரும்பிப் போனார் என்ற இடத்தில், "ஓவர்டைம் குடுத்திருப்பானோ?" என்றார். பிறகு அங்கேயே கட்டையில் உட்கார்ந்துகொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

எண்பதுகளில் ஒரு இரவு டியூட்டி. மேஜைக்கு எதிர்ப் பக்கம் அவருடைய நண்பர் உட்கார்ந்து வேறு லைனில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பாவின் கருவியில் ஒரு தந்தி வர ஆரம்பிக்கிறது. விலாசம் எழுதும்போதே கை நின்றுவிட்டது. நண்பருடைய வீட்டு விலாசம். அடுத்த வரியில் அவர் அம்மா இறந்த செய்தி. அனுப்புகிறவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறான், நிறுத்த முடியாது. அப்பா முழுக்க எழுதி, சரிபார்த்து, கிடைத்தது என்று திருப்பி அடித்துவிட்டுத்தான் எழுந்தாராம். "எதிர்ல உக்காந்து அவன் ஏதோ ஜோக் சொல்லிண்டு இருந்தான். நானும் தலையாட்டிண்டே எழுதினேன்டா. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மட்டும் தெரியும், அவனுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் கழித்து, "டாட் செத்துட்டார்னு நெனைக்கிறோம்னு அடிச்சாங்களே, அப்போ அந்தம்மா எங்க இருந்திருப்பா? பக்கத்து ரூம்ல தானே?" என்றார். "அவளுக்கு முன்னாடி அம்பாலாக்காரனுக்குத் தெரிஞ்சுடுத்து."

புத்தகங்களில் நான் இந்தக் கதையை நாலைந்து முறை படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா ஜன்பத்திலிருந்து கொடுத்த தந்தி அம்மாவுக்கு நாலு நாள் கழித்துக் கிடைத்தது. அதற்குள் அப்பாவே போனில் நாலு முறை பேசியிருந்தார். இருந்தும் அம்மா அதைப் பிரிக்குமுன் ஒரு நிமிடம் பயந்துதான் போனாளாம்.

போன ஞாயிறு கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டிவிட்டார், காது சரியாகக் கேட்பதில்லை, கத்திப் பேசவேண்டும். பஸ் சத்தத்தில் நானும் கத்த, ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அந்தக் கல்லுகிட்டயா நிக்கற?"

"ஆமாம்ப்பா."

"டாட் சம்சாரம் பேரு எங்கயாவது போட்டிருக்கானா பாரு. அன்னிக்கு நான் சரியாப் பார்க்கல."

இன்னொரு முறை சுற்றி வந்தேன். மூன்று பேர்தான். ஆபீஸ் ஸ்டாஃப் மட்டும்.

"இல்லப்பா."

"சரி. வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ."